பஸ் பலகையில் ஆறு எழுத்து

அரூர் பஸ் நிலையத்தில் எப்பொழுதாவது நின்றிருக்கிறீர்களா? தர்மபுரி ஜில்லாவில் தீர்த்தமலைக்கு ஸ்வாமி தரிசனம் செய்யப் போகிறவர்களில் பலர் அங்கேதான் பஸ் மாறுகிறார்கள். மலை அங்கிருந்து சுமார் 16 கிலோமீட்டர். ராமபிரான் அம்பு விட்டுப் பாறையிலிருந்து நீர் வரவழைத்தார் என்பது தல வரலாறு. ராம தீர்த்தம், குமார தீர்த்தம், கௌரி தீர்த்தம், அகஸ்திய தீர்த்தம், அக்னி தீர்த்தம் என்று ஐந்து தீர்த்தங்களைச் சொல்வார்கள். ஆனால் இந்த வாரம் உங்களை மலை மேல் அழைத்துப் போகப் போவதில்லை. பஸ்ஸின் நெற்றியில் இருக்கும் பலகையோடு நிறுத்திக் கொள்ளப் போகிறேன்.

'தீர்த்தமலை' என்று அதில் எழுதியிருக்கிறது. அதை நீங்கள் படிக்கிறீர்கள் என்று சொல்வதுகூடச் சரியில்லை. கண் பட்டது, ஊர் தெரிந்தது, முந்தானையை இழுத்துச் செருகிக் கொண்டு ஏறி விட்டீர்கள். அதே பலகையைப் பத்து வயதுப் பையன் ஒருவன் அண்ணாந்து பார்த்துக் கொண்டு நிற்கிறான் என்று வைத்துக் கொள்ளுங்கள். நாலாம் வகுப்பு. கண் நன்றாகத் தெரியும், காது நன்றாகக் கேட்கும். கடைக்கு அனுப்பினால் பாக்கிச் சில்லறையில் ஒரு ரூபாய் பிசகாது. சினிமாக் கதையைச் சொல்லச் சொன்னால் சண்டைக் காட்சி உட்பட அரை மணி நேரம் சொல்வான். ஆனால் அந்தப் பலகை அவனுக்கு வெறும் புள்ளிக் கோலம். பக்கத்தில் நிற்பவரைக் கேட்டுத்தான் ஏற வேண்டும். கேட்க வெட்கப்பட்டால் நின்று கொண்டேயிருக்க வேண்டும்.

இந்தப் பையனை நாம் எல்லோருமே அறிவோம். சென்னையில் மாடி வீட்டில் பிறந்திருந்தால் அவனுக்கு இரண்டு டியூஷன் வாத்தியார்கள். மலையடிவாரத்தில் பிறந்திருந்தால் ஒருவரும் இல்லை. இரண்டு இடத்திலும் கிடைக்கிற பட்டம் மட்டும் ஒன்றுதான்: மக்கு. "நூறு தடவை சொல்லிக் கொடுத்தாயிற்று, மண்டையில் ஏறவில்லை" என்கிறார் தகப்பனார். "வேண்டுமென்றே செய்கிறான்" என்கிறாள் அத்தை. தாயார் ஒன்றும் சொல்லாமல் அடுப்படிக்குப் போய் விடுகிறாள்.

சரி, அந்தப் பலகையில் அவன் தாண்ட வேண்டியதுதான் என்ன? கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

தீ, ர், த், த, ம, லை. ஆறு எழுத்து. வாய் விட்டுச் சொல்லிக் கை தட்டிப் பாருங்கள்: தீர்த்-த-ம-லை. நாலே தட்டல்! காது நாலு என்கிறது. கண் ஆறு என்கிறது. குழந்தை யாரை நம்புவான்? போதாததற்கு, பேச்சில் நாம் 'தீத்தம்' என்று சொல்லி விட்டுப் போகிறோம். பல பேர் வாயில் அந்த 'ர்' நிற்பதே இல்லை. காதில் விழாத ஒரு சத்தம் பலகையில் மட்டும் வந்து உட்கார்ந்திருக்கிறது. அதன் உருவத்தைப் பாருங்கள். 'ர'வும் துணைக்காலும் இரட்டைப் பிள்ளைகள் மாதிரி. 'கார்' என்று எழுதினால் எது கால், எது ர என்று பெரியவர்களுக்கே ஒரு நிமிஷம் திகைப்பு வரும். நம் பையன் வீட்டில் 'வூட்ல' என்கிறான். பாடப் புத்தகம் 'வீட்டில்' என்கிறது. தர்மபுரிப் பக்கத்தில் தெலுங்கும் கன்னடமும் பேசுகிற குடும்பங்களும் உண்டு. அந்த வீட்டுக் குழந்தைக்குப் பள்ளிக்கூடத்துத் தமிழ் இன்னொரு படி தள்ளி நிற்கிறது.

கடைசி எழுத்துக்கு வருவோம்: 'லை'. கண் இடமிருந்து வலமாகப் போகிறது. முதலில் தட்டுப்படுவது சங்கிலிக் கொம்பு, பிறகுதான் 'ல'. ஆனால் வாய் சொல்லும்போது 'ல்' முந்திக் கொள்கிறது, 'ஐ' பின்னால் வருகிறது. பார்ப்பது ஒரு வரிசை, சொல்வது இன்னொரு வரிசை. 'கொ' இதைவிடப் பொல்லாதது. முன்னே ஒரு கொம்பு, பின்னே ஒரு கால், நடுவில் மாட்டிக் கொண்ட ஒரு 'க'. எல்லாம் சேர்ந்து ஒரே சத்தம்! நாம் இதையெல்லாம் ஐந்து வயதில் கவனிக்காமலே விழுங்கி விட்டோம். அதனால் சுலபம் என்று நினைக்கிறோம்.

வயதான சகோதரிகளுக்கு ஒன்று நினைவிருக்கும். முன்பெல்லாம் 'லை'யை இப்படி எழுதவில்லை. யானை தும்பிக்கையைத் தூக்கினாற்போல 'ல'வின் தலைக்கு மேலே ஒரு சுழி. ணை, லை, ளை, னை நாலுக்கும் தும்பிக்கை. கை, மை, தை முதலியவற்றுக்குக் கொம்பு. ணா, றா, னா ஆகியவற்றுக்கும் தனித்தனிச் சுழிகள். 1978-ல் தமிழக அரசு பெரியாரின் எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்று, இப்படி விலகி நின்ற 13 எழுத்துக்களை மற்றவற்றின் வரிசையில் கொண்டு வந்து சேர்த்தது. அச்சுக்கும் தட்டெழுத்துக்கும் சௌகரியம் என்று அப்போது பேசினார்கள். படிக்கத் திணறுகிற குழந்தைக்கு அது எத்தனை பெரிய உபகாரம் என்று அவ்வளவாக யாரும் பேசவில்லை. பாட்டி எழுதிய பழைய கடிதத்தைப் பேத்தி கையில் கொடுத்துப் பாருங்கள். தும்பிக்கை வரும் இடத்தில் அவள் தயங்கி நிற்பாள். அந்த ஒரு கணத் தயக்கம் நம் பையனுக்கு ஒவ்வொரு எழுத்திலும் வருகிறது.

இவனுக்கு வந்திருப்பது என்ன? 1896-ல் பிரிங்கிள் மார்கன் என்ற ஆங்கில டாக்டர் ஒரு பையனைப் பற்றி மருத்துவப் பத்திரிகையில் எழுதினார். பையன் பெயர் பெர்ஸி, வயது 14. கெட்டிக்காரன், விளையாட்டில் யாருக்கும் சளைத்தவன் அல்ல. 749-ஐ 867-ஆல் பெருக்கச் சொன்னால் மளமளவென்று சரியாகப் பெருக்கினான். ஆனால் தன் பெயரையே எழுத்து மாற்றி 'ப்ரெஸி' என்று எழுதினான். பாடம் முழுவதும் வாய் வழியாகவே நடந்தால் பள்ளிக்கூடத்திலேயே இவன்தான் சூட்டிகையான பையன் என்று அவனுடைய ஆசிரியர் சொன்னாராம். இன்று இதை டிஸ்லெக்ஸியா என்கிறார்கள். ஆங்கிலத்துக்கு மட்டும் வரும் சீக்கு என்று சிலர் நினைக்கிறார்கள், அப்படி இல்லை. எந்த மொழியிலும் உண்டு. புத்திக் குறைவால் வருவதில்லை, சோம்பலால் வருவதில்லை, தாயார் வேலைக்குப் போவதால் நிச்சயமாக வருவதில்லை. சத்தத்தைச் சின்னஞ்சிறு துண்டுகளாகப் பிரித்து எழுத்தோடு முடிச்சுப் போடுகிற இடத்தில்தான் சிக்கல். குடும்ப வழியில் வருவதும் உண்டு. "நான்கூடச் சின்ன வயதில் இப்படித்தான்" என்று தகப்பனார் என்றைக்காவது வாய் தவறி ஒப்புக் கொள்வார். அப்போது அவரைக் கொஞ்சம் விசாரியுங்கள்.

அவசரப்பட்டு வீட்டிலேயே முத்திரை குத்தி விடாதீர்கள். முதலில் கண்ணையும் காதையும் டாக்டரிடம் காட்ட வேண்டும். மூக்குக் கண்ணாடி இல்லாததாலும், காதில் சீழ் வடிவதாலும் 'மக்கு' ஆனவர்கள் எத்தனையோ பேர். ஆறு வயதில் எழுத்தைத் திருப்பிப் போட்டு எழுதினால் பயப்பட வேண்டாம். அந்த வயதில் அது சகஜம்.

இனி, சிறப்புக் கல்வி வகுப்பில் இப்படிப்பட்ட குழந்தைக்கு எப்படிப் படிக்கக் கற்றுக் கொடுக்கிறார்கள் என்பதைக் கேளுங்கள். 'தீ'யிலிருந்து தொடங்க மாட்டார்கள். 'ம'விலிருந்து தொடங்குவார்கள். ட, ப, ம மூன்றும் கோடும் வளைவுமாகச் சுலபமான எழுத்துக்கள். அவற்றை வைத்தே படம், மடம், பட்டம் என்று சொற்கள் வந்து விடும். ஒரு எழுத்து, ஒரு சத்தம். அதைக் கண்ணால் பார்த்து, வாயால் சொல்லி, காதால் கேட்டு, விரலால் வரைய வேண்டும், எல்லாம் ஒரே சமயத்தில். உப்புத்தாளில் வெட்டி ஒட்டிய 'ம'வின் மேல் ஆள்காட்டி விரலை ஓட்டுகிறான் பையன். பிறகு தட்டில் பரப்பிய மணலில் எழுதுகிறான். பிறகு கண்ணை மூடிக் கொண்டு எழுதுகிறான். கண் மறந்தாலும் விரல் மறக்காது. அடுத்து 'லை'. கொம்புக்கு ஒரு நிறம், 'ல'வுக்கு ஒரு நிறம். இரண்டையும் தனி அட்டைகளாகக் கையில் கொடுத்துச் சேர்க்கச் சொன்னால், வரிசை மாறுகிற சூட்சுமம் கைக்கே புரிந்து விடுகிறது.

ம, லை: மலை! பையன் ஜன்னல் வழியாகப் பார்க்கிறான். அது அங்கேயே நிற்கிறது.

மலை கைக்கு வந்த பிறகு தீ. பிறகு 'தீர்'. புள்ளி வைத்த எழுத்துக்குக் கைத்தட்டல் கிடையாது, விரலைச் சொடுக்க வேண்டும் என்று ஒரு விளையாட்டு. இப்பொழுது ஆறு எழுத்துக்கும் கணக்குச் சரியாகி விட்டது: நாலு தட்டல், இரண்டு சொடக்கு. இப்படி ஒரு பெயரைப் படிக்க ஒரு வாரம் ஆகலாம். ஒரு மாதமும் ஆகலாம். நேற்றுப் படித்ததை இன்று மறந்து விடுவான். மறுபடியும் மணல் தட்டை எடுக்க வேண்டியதுதான். முகத்தைச் சுளிக்காமல் எடுக்க வேண்டும். அதுதான் இந்த வேலையில் மிகக் கஷ்டமான பாகம்.

மணல் தட்டு என்றதும் ஏதோ சீமைச் சரக்கு என்று நினைத்து விடாதீர்கள். அது நம் திண்ணைப் பள்ளிக்கூடத்துச் சொத்து. ஆண்ட்ரூ பெல் என்ற பாதிரியார் 1787-ல் சென்னைக்கு வந்து, 1789-ல் எழும்பூரில் இருந்த ஆண் அநாதைகள் விடுதிக்கு மேற்பார்வையாளர் ஆனார். இந்நாட்டுக் குழந்தைகள் மணலில் விரலால் எழுதிக் கற்பதை ஒரு பள்ளிக்கூடத்தில் பார்த்தார். உடனே தம் விடுதியிலும் செய்யச் சொன்னார். அங்கிருந்த உபாத்தியாயர்களுக்கு அது பிடிக்கவில்லை. பெல் சளைக்கவில்லை, எட்டு வயதுப் பையன் ஒருவனையே சின்னக் குழந்தைகளுக்கு மணலில் எழுதக் கற்பிக்கும்படி செய்து விட்டார்! 1797-ல் லண்டனில் இதைப் பற்றிப் புத்தகமும் போட்டார். 'மதராஸ் முறை' என்ற பெயரோடு அது இங்கிலாந்தெங்கும் பரவியது. விஜயதசமியன்று குழந்தையின் விரலைப் பிடித்துத் தாம்பாளத்து அரிசியில் 'அ' எழுத வைக்கிறோமே, அந்த அரிசியை மறுநாளே உலையில் போட்டு விடாமல் ஒரு வருஷம் வைத்திருந்தால் தேவலை என்று எனக்குத் தோன்றும்.

உப்புத்தாள் எழுத்து மாண்டிசோரி அம்மையாருடையது. அவர் 1939-ல் சென்னை அடையாற்றுக்கு வந்து ஆசிரியைகளுக்குப் பயிற்சி அளித்தவர். நர்ஸரிப் பள்ளி விளம்பரங்களில் அவர் பெயரைப் பார்த்திருப்பீர்கள். அவர் முதன்முதலில் பாடம் சொல்லிக் கொடுத்தது வசதியான வீட்டுக் குழந்தைகளுக்கு அல்ல. 1900-ல் ரோமாபுரியில், புத்தி வளர்ச்சி இல்லை என்று ஒதுக்கி வைக்கப்பட்ட குழந்தைகளுக்கு. மரத்தில் செய்த எழுத்துக்களை விரலால் தடவித் தடவி அவர்களில் சிலர் எழுதப் படிக்கக் கற்று, மற்றப் பிள்ளைகளோடு சர்க்கார் பரீட்சை எழுதித் தேறினார்கள். எல்லோரும் அவரை மெச்சினார்களாம். அவருக்கோ வேறு கவலை: இந்தக் குழந்தைகள் இவ்வளவு செய்தால், நல்ல நிலையில் இருக்கிற குழந்தைகள் ஏன் இவ்வளவு மட்டமாக இருக்கிறார்கள்?

சிறப்பு வகுப்பில் எல்லாக் குழந்தைக்கும் ஒரே மருந்து கிடையாது. காது கேளாத குழந்தையை எடுத்துக் கொள்ளுங்கள். கண்ணாடி முன் நின்று 'பாலை' என்று சொல்லுங்கள். பிறகு 'மாலை' என்று சொல்லுங்கள். உதடு இரண்டுக்கும் ஒரே மாதிரிதான் அசைகிறது! உதட்டைப் பார்த்தே பேச்சை அறிகிற குழந்தை என்ன செய்யும்? அங்கே எழுத்துத்தான் கைகொடுக்கிறது. உதடு கலந்ததை எழுத்துப் பிரித்துக் காட்டுகிறது. அதனால் அந்த வகுப்பில் ஆசிரியை பூமாலையையும் கையில் வைத்திருப்பாள், 'மாலை' என்ற அட்டையையும் வைத்திருப்பாள்.

கண் தெரியாத குழந்தைக்குப் பிரெயில். ஆறே புள்ளிகள், லூயி பிரெயில் 1824-ல், பதினைந்து வயதில் கண்டுபிடித்தது. பாளையங்கோட்டையில் ஆஸ்க்வித் அம்மையார் 1890-லேயே பார்வையற்றோருக்குப் பள்ளி தொடங்கி விட்டார். பிறகு 1951-ல் இந்திய மொழிகளுக்கெல்லாம் பொதுவாகப் பாரதி பிரெயில் ஏற்பட்டது. அதில் 'தீர்த்தமலை'யை எழுதினால் பத்துக் கட்டம் வரும். வேடிக்கை என்னவென்றால், அங்கே கொம்புத் தொல்லை இல்லை. முதலில் 'ல', அதன் பின்னே 'ஐ'. வாய் சொல்லும் வரிசையிலேயே விரல் போகிறது. மெய்யெழுத்தின் புள்ளியோ எழுத்துக்கு முன்னாலேயே வந்து, 'அடுத்தது மெய்யெழுத்து, ஜாக்கிரதை' என்று சொல்லி விடுகிறது. கண் இருக்கிற குழந்தைக்கு இந்தச் சலுகை இல்லை.

மனவளர்ச்சி குன்றிய குழந்தைகள் படிக்கவே மாட்டார்கள் என்று நெடுநாள் சாதித்து வந்தார்கள். 1980-ல் இங்கிலாந்தில் லெஸ்லி டஃபென் என்ற தகப்பனார், போர்ட்ஸ்மத்தில் இருந்த ஸூ பக்லி என்ற உளவியல் ஆசிரியைக்கு ஒரு கடிதம் எழுதினார். அவர் மகள் சாராவுக்கு டவுன் சிண்ட்ரோம். மூன்று வயதிலிருந்து வீட்டிலேயே சொற்களை அட்டையில் எழுதிக் காட்டிக் காட்டி அவளைப் படிக்க வைத்து விட்டார். பேச்சும் கூடவே தெளிந்தது. அந்தக் கடிதத்திலிருந்து பெரிய ஆராய்ச்சியே கிளம்பியது. இந்தக் குழந்தைகளுக்கு எழுத்தெழுத்தாகக் கூட்டுவது பாரம். ஒரு சொல்லை ஒரு முகம் போல அடையாளம் கண்டு கொள்வார்கள். அதனால் தன் பெயர், அம்மா, பால், பெண்கள், அபாயம், ஊர்ப் பெயர் என்று வாழ்க்கைக்கு வேண்டிய சொற்களிலிருந்து தொடங்குவார்கள். அவர்களுக்குத் 'தீர்த்தமலை' ஆறு எழுத்தல்ல, ஒரே படம்.

இதெல்லாம் பட்டணத்துக்குச் சரி, மலையடிவாரத்தில் யார் செய்வார்கள் என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. 2011 ஜனத்தொகைக் கணக்கில் எழுத்தறிவில் தமிழ்நாட்டின் கடைசி ஜில்லா தர்மபுரிதான். மாநிலம் முழுவதற்கும் 80 சதவிகிதம், தர்மபுரிக்கு 68.5. பெண்களில் சுமார் 60 சதவிகிதம்தான். ஆகவே, "வீட்டில் அம்மா சொல்லிக் கொடுக்கட்டும்" என்று டைரியில் எழுதி அனுப்பினால், அதைப் படித்துச் சொல்லவே அந்த அம்மா பக்கத்து வீட்டைத் தேட வேண்டியிருக்கலாம். பிழைப்புக்குப் பெற்றோர் வெளியூர் போய், தாத்தா பாட்டியிடம் வளரும் பிள்ளைகளும் உண்டு.

ஆனாலும் வழி இல்லாமல் இல்லை. ஒவ்வொரு வட்டாரத்திலும் வட்டார வள மையம் இருக்கிறது, அரூரிலும் உண்டு. அதைச் சேர்ந்த சிறப்புப் பயிற்றுநர்கள் சுற்று வட்டாரப் பள்ளிகளுக்குப் போய் இந்தக் குழந்தைகளைக் கவனிக்கிறார்கள். நடக்க முடியாத குழந்தையை வீட்டிலேயே போய்ப் பார்ப்பதும் அவர்கள் வேலை. ஒருவருக்குப் பல பள்ளிக்கூடங்கள். மலைப் பாதை வேறு. எனக்குக் கேட்டால், அவர்கள் தொகையைப் பெருக்குவதுதான் முதல் காரியம் என்பேன்.

2022-ல் தொடங்கிய 'எண்ணும் எழுத்தும்' திட்டத்தில் வகுப்புக் கணக்கை விட்டு, குழந்தை எந்த நிலையில் இருக்கிறதோ அங்கிருந்து அரும்பு, மொட்டு, மலர் என்று பிரித்துக் கற்பிக்கிறார்கள். மூன்றாம் வகுப்பில் இருந்தும் அரும்பாக இருக்கலாம். அதில் அவமானம் இல்லை. சட்டமும் மாறி விட்டது. 1995-ம் வருஷத்துச் சட்டத்தில் ஏழே வகைக் குறைபாடுகள். டிஸ்லெக்ஸியா அதில் இல்லை. 2016-ம் வருஷத்துச் சட்டத்தில் 21 வகை. கற்றல் குறைபாடும் சேர்ந்து விட்டது. சான்றிதழ் இருந்தால் பொதுப் பரீட்சையில் கூடுதல் நேரம், சொல்வதை எழுத ஆள் முதலிய சலுகைகள் கிடைக்கும். "சான்றிதழ் வாங்கினால் பெண்ணுக்கு வரன் வராது" என்று தயங்குகிற தாய்மார் இருக்கிறார்கள். ஒன்பதாம் வகுப்பில் பள்ளிக்கூடத்தை விட்டு நின்ற பெண்ணுக்கு மட்டும் எப்படிப்பட்ட வரன் வரும் என்பதையும் அவர்கள் யோசிக்க வேண்டும்.

உங்கள் வீட்டில் குழந்தை 'கடகடவென்று' வாசிக்கிறதா? இன்றைக்கே ஒரு சோதனை செய்து பாருங்கள். படத்தைக் கையால் மறைத்து, பாடத்தின் நடுவிலிருந்து ஒரு சொல்லைக் காட்டுங்கள். பாடம் முழுவதையும் மனப்பாடமாக ஒப்பிக்கிற பல குழந்தைகள் அங்கே மாட்டிக் கொள்வார்கள். மாட்டிக் கொண்டால் அடிக்காதீர்கள். அடி வாங்கின குழந்தைக்கு எழுத்து வராது. புத்தகத்தைக் கண்டால் வயிற்று வலிதான் வரும். தினம் ஒரு மணி நேரம் உட்கார்த்தி வைப்பதைவிடப் பத்து நிமிஷம் மேல். அரிசி களைகிறபோது முறத்தில் ஒரு எழுத்து. சமையலறை டப்பாவில் 'பருப்பு', 'சீரகம்' என்று ஒட்டிய சீட்டு. பஸ்ஸுக்குக் காத்திருக்கும்போது பலகை.

பலகையைப் பற்றி ஒரு வார்த்தை. இப்போது சில பஸ்களில் பெயிண்ட் எழுத்துப் பலகைக்குப் பதிலாக மின்சார விளக்கில் எழுத்து ஓடுகிறது. திணறிப் படிக்கிற குழந்தைக்கு அது மகா சோதனை. 'தீ'யைப் பிடிப்பதற்குள் 'லை' ஓடிப் போய் விடும். ஆகையால் முதலில் அசையாத பலகையிலே பழக்குங்கள். ஓடுகிற பலகையில் பழக்கும்போது முழுப் பெயரையும் தேட வேண்டாம், 'மலை' வருகிறதா என்று மட்டும் பார் என்று சொல்லுங்கள். அது வந்ததும் 'தீ' எங்கே என்று கேளுங்கள். பலகை திரும்பத் திரும்ப ஓடும், பஸ் கிளம்ப இன்னும் நேரம் இருக்கிறது.